மயிலைக் காளையின் கருப்பு எங்கிருந்து வருகிறது?

காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். பார்க்கிறவர்கள் செவலை என்றே சொல்லிவிடுவார்கள். ஆறு மாதம் ஆவதற்குள் அந்தச் சிவப்பு வெளுத்து, சாம்பல் கலந்த வெள்ளைக்கு வந்துவிடும். கிடாரியாக இருந்தால் பெரும்பாலும் அப்படியே மயிலையாக நின்றுவிடும். காளைக் கன்றுக்கு கதை அதோடு முடிவதில்லை. பருவம் வரும்போது கழுத்து, திமில், முன்தொடை, பின்தொடை எல்லாம் மறுபடி இருண்டுகொண்டு வரும். நல்ல பூச்சிக்காளையைப் பார்த்தால் யாரோ கரித்தூளைக் கையில் எடுத்துத் தேய்த்துவிட்ட மாதிரி இருக்கும். அதே காளையைச் சின்ன வயதிலேயே காயடித்துவிட்டால் அது சாம்பல் நிற எருதாகவே காலம் தள்ளும்.

ஒரே மாடு, ஒரே டிஎன்ஏ, ஆனால் மூன்று நிறம். இதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வெயில் என்பார்கள், கொரங்காட்டு மேய்ச்சல் என்பார்கள், கொழுக்கட்டைப் புல் என்பார்கள். எனக்கு இந்தக் கேள்வி ரொம்ப நாளாக மண்டையில் இருந்தது. தேடிப் படிக்க ஆரம்பித்தபோது மாட்டின் தோலில் தொடங்கி கோழி முட்டைக்குள் போய், அங்கிருந்து பச்சைக் குழந்தையின் குடலுக்குள் போய்விட்டேன். நிறத்தை உண்டாக்கும் செல்கள் தோலில் பிறப்பதே இல்லை என்பதுதான் முதல் ஆச்சரியம். அவை வெகு தூரத்தில் இருந்து நடந்து வருகிறவை. தோல் அவற்றுக்குப் புகுந்த வீடு.

பிறந்த வீடு எங்கே என்று சொல்வதற்கு முன்னால் ஒரு அடிப்படை விஷயம். மாட்டின் மரபணுத் தொகுதியை 2009ல் படித்து முடித்தபோது அதில் சுமார் 22,000 மரபணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். கண், குளம்பு, கல்லீரல், திமில் என்று எந்த செல்லை எடுத்தாலும் அநேகமாக எல்லாவற்றிலும் இதே தொகுப்பு முழுதாக இருக்கிறது. வித்தியாசம், எந்த மரபணு இப்போது படிக்கப்படுகிறது, எது மூடிக் கிடக்கிறது என்பதில்தான். படிக்கப்பட்டு, ஆர்என்ஏவாக நகலாகி, புரதமாக வெளியே வருவதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். என் தொழில் மொழியில் சொன்னால், ஆயிரம் சர்வரிலும் ஒரே கோடு. எது டேட்டாபேஸ், எது வெப் சர்வர் என்பதை கான்ஃபிக் ஃபைல் தீர்மானிக்கிறது. ஆனால் இந்த உவமை ஒரு இடத்தில் உடைந்துவிடும். எங்கள் ஆபீசில் கான்ஃபிக்கை எழுத ஒரு ஆள் இருக்கிறார். கருவுக்குள் அப்படி யாரும் கிடையாது. பக்கத்து செல்கள் அனுப்பும் ரசாயனச் செய்திகளும், இந்த செல் இதுவரை கடந்து வந்த பாதையும் சேர்ந்துதான் அடுத்த வரியை எழுதுகின்றன. அந்த வரியே இன்னொரு மரபணுவைத் திறக்கும் புரதமாக இருக்கும். மரபணுக்களைத் திறக்கவும் மூடவும் செய்கிற இந்தப் புரதங்களைச் சாவிப் புரதங்கள் என்று இந்தக் கட்டுரையில் கூப்பிடுகிறேன். பாடப்புத்தகத்தில் படியெடுத்தல் காரணிகள் என்று இருக்கும், வாயில் நுழையவில்லை.

இதைக் கண்ணால் பார்க்க மாட்டின் வயிற்றுக்குள் போக முடியாது. அதனால் உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் கோழி முட்டைக்குப் போனார்கள். எங்களுக்கு அது பக்கம்தான், காங்கேயத்தில் இருந்து மேற்கே போனால் பல்லடம். கோழிப் பண்ணையும் குஞ்சு பொரிப்பகமும் இல்லாத திசை கிடையாது. முட்டை பொரிய 21 நாள். இதில் நம் கதைக்கு வேண்டிய முக்கியமான சம்பவம் இரண்டாவது, மூன்றாவது நாளிலேயே நடந்துவிடுகிறது. அந்தக் கட்டத்தில் கரு என்பது மஞ்சள் கரு மேல் ஒட்டிக் கிடக்கும் ஒரு மெல்லிய தகடுதான். அந்தத் தகட்டின் நடுப்பகுதி இரு பக்கமும் மேலெழும்பி, வாழை இலைக் குருத்து சுருண்டிருப்பது மாதிரி ஒரு குழாயாக மூடிக்கொள்கிறது. பின்னாளில் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போவது இந்தக் குழாய்தான். குழாய் மூடும் இடத்தில், மேல் விளிம்பில், தையல் போட்ட மாதிரி ஒரு வரிசைச் செல்கள் நிற்கும். நரம்பு முகடு என்று பெயர். 1868ல் வில்ஹெல்ம் ஹிஸ் என்பவர் கோழிக் கருவில்தான் இதை முதலில் கவனித்தார்.

தோலுக்கும் சேராமல் நரம்புக்கும் சேராமல் எல்லையில் நிற்கும் செல்கள் இவை. எல்லை எங்கே என்று அவற்றுக்கு எப்படித் தெரிகிறது? ஒரு பக்கம் வருங்காலத் தோலில் இருந்து பிஎம்பி என்ற செய்திப் புரதம் கசிந்து வருகிறது. அதோடு டபிள்யூஎன்டி, எஃப்ஜிஎஃப் என்று வேறு செய்திகளும் வந்து சேர்கின்றன. பிஎம்பி மிக அதிகமாக இருக்கும் இடம் தோலாகும், மிகக் குறைவாக இருக்கும் இடம் நரம்பாகும். இரண்டுக்கும் நடுவே இந்தச் செய்திகள் சரியான அளவில், சரியான நேரத்தில் கலந்து விழும் குறுகிய பட்டையில் மட்டும் பாக்ஸ்7, பாக்ஸ்3, சிக்1 என்ற சாவிப் புரதங்கள் உருவாகின்றன. அவை அடுத்த கட்டமாக ஸ்னெயில்2, ஃபாக்ஸ்டி3, சாக்ஸ்9, சாக்ஸ்10 ஆகியவற்றைத் திறக்கின்றன. இதில் ஸ்னெயில்2 செய்யும் வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பக்கத்து செல்லோடு கை கோத்து நிற்க உதவும் காட்ஹெரின்-6பி என்ற புரதத்தின் மரபணுவை அது மூடிவிடுகிறது. கை விட்டுப் போகிறது. செல் வரிசையை விட்டுக் கழன்று நடக்க ஆரம்பிக்கிறது.

இப்படிக் கிளம்பும் செல்கள் போய்ச் சேரும் இடங்களின் பட்டியலைப் பார்த்தால் நம்ப முடியாது. முகத்தின் எலும்பும் குருத்தெலும்பும், பல்லின் உள்ளே இருக்கும் டென்டின், முதுகெலும்பை ஒட்டிய உணர்வு நரம்பு முடிச்சுகள், அட்ரினல் சுரப்பியின் உள்பகுதி, குடலை அசைக்கும் நரம்பு வலை, நரம்பைச் சுற்றும் உறைச் செல்கள், கடைசியாக நம் கதாநாயகன், தோலிலும் மயிரிலும் நிறம் போடும் மெலனோசைட். எல்லாம் ஒரே விளிம்பில் இருந்து கிளம்பியவை.

இதை எப்படி நிரூபித்தார்கள்? பிரான்சைச் சேர்ந்த நிக்கோல் லெ துவாரன் செய்த வேலை அவ்வளவு எளிமையானது, அவ்வளவு அழகானது. காடைக்கும் கோழிக்கும் கரு வளர்ச்சி ஆரம்ப நாட்களில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஆனால் காடைச் செல்லின் உட்கருவில் குரோமாட்டின் ஒரு இடத்தில் உருண்டையாகத் திரண்டிருக்கும். சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இது காடை, இது கோழி என்று செல் செல்லாகப் பிரித்துச் சொல்லலாம். 1969ல் இந்த அடையாளத்தை வெளியிட்டார். பிறகு காடைக் கருவின் நரம்புக் குழாயில் ஒரு துண்டை வெட்டி, கோழிக் கருவின் அதே இடத்தில் வைத்தார். காயம் ஆறி கரு வளர்ந்தது. வெள்ளைக் கோழிக் குஞ்சின் உடம்பில், ஒட்டு வைத்த மட்டத்தில் மட்டும் பட்டையாகக் காடை நிற இறகு முளைத்தது. நிறம் போடும் செல் நரம்பு முகட்டில் இருந்துதான் போகிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

அடுத்து அவர் இடத்தை மாற்றி வைத்தார். கழுத்துப் பகுதி முகட்டில் இருந்து கிளம்பும் செல்கள் குடலுக்குப் போகும். முதுகில் ஒரு குறிப்பிட்ட பகுதியில் இருந்து கிளம்புபவை அட்ரினலுக்குப் போகும். இரண்டையும் இடம் மாற்றி ஒட்டினால் என்ன ஆகும்? செல்கள் புதிய இடத்தின் வழக்கப்படி நடந்துகொண்டன. முதுகுக்காரன் குடலுக்குப் போய்க் குடல் நரம்பானான், கழுத்துக்காரன் அட்ரினலுக்குப் போனான். ஆக, கிளம்பும்போதே எல்லாம் எழுதி முடிக்கப்படவில்லை. ஆனால் இதை வைத்து எல்லாமே சூழல்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. தலைப் பகுதி முகடு எலும்பும் குருத்தெலும்பும் செய்வது போல முதுகுப் பகுதி முகடு இயல்பாகச் செய்வதில்லை. அந்தப் பகுதிக்கே உரிய மரபணுக்கள் முன்கூட்டியே திறந்தோ மூடியோ இருக்கின்றன. போகிற வழியில் மாற்றிக்கொள்ளக் கொஞ்சம் இடமும், வீட்டில் இருந்து கொண்டுவந்த சீதனமும், இரண்டும் உண்டு.

இன்னொரு சந்தேகம் மிச்சம் இருந்தது. ஒட்டு வைத்த துண்டில் ஆயிரக்கணக்கான செல்கள் இருந்தன. அவற்றில் சில பிறவியிலேயே நிறச் செல்லாகவும், சில பிறவியிலேயே நரம்புச் செல்லாகவும் இருந்து, கலந்து நின்றிருக்கலாம் அல்லவா? 1988ல் மரியான் பிரானரும் ஸ்காட் ஃப்ரேசரும் கோழிக் கருவில் ஒற்றைச் செல்லுக்குள் ஒளிரும் சாயத்தை ஏற்றி, அதன் வாரிசுகள் எங்கெல்லாம் போகின்றன என்று தேடினார்கள். ஒரே செல்லின் பிள்ளைகள் உணர்வு நரம்பாகவும், உறைச் செல்லாகவும், நிறச் செல் போகும் பாதையிலும் கிடந்தன. பல செல்கள் உண்மையிலேயே இன்னும் முடிவெடுக்காத முன்னோடிகள்தான்.

முடிவு எப்படி எடுக்கப்படுகிறது? நான் ஆரம்பத்தில் இதை ஒரு இஃப்-எல்ஸ் மாதிரி கற்பனை செய்திருந்தேன். 2019ல் சயின்ஸ் இதழில் எலியின் நரம்பு முகட்டை ஒவ்வொரு செல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்னென்ன மரபணு திறந்திருக்கிறது என்று அளந்த ஆய்வு ஒன்று வந்தது. அதில் தெரிந்த படம் வேறு. கிளை பிரியும் இடத்துக்கு வரும் செல்லில் இரண்டு பக்கத்துத் திட்டங்களும் ஒரே சமயத்தில் லேசாகத் திறந்திருக்கின்றன. உணர்வு நரம்புக்கான மரபணுக்களும் கொஞ்சம், இன்னொரு பக்கத்துக்கானவையும் கொஞ்சம். பிறகு ஒரு பக்கம் மெல்ல வலுக்கிறது, மற்றது அடங்குகிறது. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு இது ஃப்ளிப்-ஃப்ளாப்பை நினைவூட்டும். ஒன்றை ஒன்று அமுக்கும் இரண்டு கேட். நடுவில் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருக்கும். பிறகு ஒரு பக்கம் விழுந்துவிட்டால் தானாகத் திரும்பி வராது.

நிறச் செல்லின் விஷயத்தில் அந்த விழுகிற பக்கத்துக்குப் பெயர் எம்ஐடிஎஃப். இது ஒரு சாவிப் புரதம். மெலனின் தயாரிக்கும் டைரோசினேஸ் முதலிய நொதிகளின் மரபணுக்களை எல்லாம் திறப்பது இதுதான். 1996ல் ஒரு பரிசோதனையில், நிறத்துக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத எலியின் சாதாரண இணைப்புத் திசுச் செல்களில் எம்ஐடிஎஃப்பை வலுக்கட்டாயமாக வெளிப்பட வைத்தார்கள். அவை மெலனோசைட்டின் அடையாளங்களைக் காட்ட ஆரம்பித்தன. ஒற்றைச் சாவிக்கு அவ்வளவு அதிகாரம்.

அப்படியானால் எல்லா முகட்டுச் செல்லும் ஏன் கறுப்பாகிவிடவில்லை? எம்ஐடிஎஃப்பைத் திறக்க சாக்ஸ்10, பாக்ஸ்3 இரண்டும் கைகோக்க வேண்டும். இரண்டும் முகட்டுச் செல்களில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் முதலில் கிளம்பும் செல்களில் ஃபாக்ஸ்டி3யும் இருக்கிறது. 2009ல் பறவைக் கருவில் செய்த ஆய்வு இதன் சூட்சுமத்தைக் காட்டியது. ஃபாக்ஸ்டி3 நேராகப் போய் எம்ஐடிஎஃப் மரபணுவின் மேல் உட்காருவதில்லை. அது பாக்ஸ்3யைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பாக்ஸ்3 வேலைக்குப் போக முடிவதில்லை. வாசலில் பூட்டுப் போடாமல், சாவி வைத்திருக்கிற ஆளை டீக்கடையில் உட்கார வைத்துப் பேசிக்கொண்டே இருக்கிற கதை. இப்படி எம்ஐடிஎஃப் திறக்காத செல்கள் வயிற்றுப் பக்கமாக உள்ளே இறங்கி நரம்பாகவும் உறைச் செல்லாகவும் ஆகின்றன. கோழிக் கருவில் சுமார் ஒரு நாள் கழித்துக் கிளம்பும் கூட்டத்தில் ஃபாக்ஸ்டி3 குறைந்துபோயிருக்கும். பாக்ஸ்3 விடுபடும், எம்ஐடிஎஃப் திறக்கும். இந்தக் கூட்டம் உள்ளே இறங்காமல், தோலுக்கு அடியில் மேலோடு படர்ந்து போகும். முந்திப் போனவர் நரம்பு, பிந்திப் போனவர் நிறம்.

இது மட்டுமே பாதை என்று ரொம்ப காலம் நினைத்தார்கள். 2009ல்தான் இன்னொன்று தெரிந்தது. முதலில் உள்ளே இறங்கி நரம்பின் மேல் உறையாக ஒட்டிக்கொண்ட முன்னோடிகளில் ஒரு பகுதி, நரம்பு தோலை எட்டியதும் அதை விட்டு இறங்கி நிறச் செல்லாக மாறுகின்றன. பஸ் போகாத ஊருக்குத் தந்திக் கம்பியைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்கிற மாதிரி. பாடப்புத்தகப் படங்கள் பலவற்றில் இந்த இரண்டாவது பாதை இன்னும் இடம்பெறவில்லை.

இனி கருங்கோழி. எங்கள் பக்கம் இப்போது கடக்நாத் வளர்க்காத பண்ணைக்காரரைப் பார்ப்பது அபூர்வம். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கோழி. கொண்டை, தோல், கறி, எலும்பைச் சுற்றிய சவ்வு, உள்ளுறுப்புகள் எல்லாம் கறுப்பு. கறுப்பாக இருப்பதால் இரும்புச்சத்து, ரத்தம் ஊறும் என்று சந்தையில் சொல்லி விற்கிறார்கள். அந்தக் கருப்பு இரும்பு இல்லை, மெலனின். உள்ளே நிறச் செல் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போய்விட்டது, அவ்வளவுதான். காரணம் 2011ல் தெரிந்தது. சீனாவின் சில்கிக் கோழி போன்ற கறுப்புத் தோல் இனங்களில் 20ஆவது குரோமோசோமில் ஒரு பகுதி இரட்டிப்பாகி, இடம் புரண்டு கிடக்கிறது. அந்தப் பகுதியில் ஈடிஎன்3 என்ற மரபணு இருக்கிறது. நிறச் செல்லின் முன்னோடிகளை 'பெருகு, வா' என்று கூப்பிடும் செய்திப் புரதம் அது. மரபணு பழுதாகவில்லை, புரதத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. நகல் கூடியது, வெளிப்பாடு கூடியது. முன்னோடிகள் அளவுக்கு மேல் பெருகின. அவை வழக்கமான தோல் பாதையோடு நிற்காமல் உள்ளே இறங்கும் பாதையிலும் போய்விட்டன. அதே வகை மாற்றம் கடக்நாத்திலும் இருக்கிறது.

அதே ஈடிஎன்3 மனிதக் குழந்தையில் குறைந்தால் என்ன ஆகும் என்பது வேடிக்கையான விஷயம் இல்லை.

கழுத்து மட்டத்து முகட்டில் இருந்து கிளம்பும் செல்கள், மனிதக் கருவில் நாலாவது வாரம் வாக்கில் உணவுக் குழாயின் மேல் முனைக்குள் நுழைந்து, ஏழாவது வாரத்துக்குள் குடலின் கடைசி முனை வரை நடந்து முடிக்க வேண்டும். வழியெல்லாம் பெருகிக்கொண்டே போக வேண்டும்; இல்லையென்றால் பாதியில் ஆள் தீர்ந்துவிடும். குடல் வேறு அதே சமயத்தில் நீண்டுகொண்டே இருக்கிறது. இவற்றை நடத்திச் செல்லும் செய்திகளில் முக்கியமானது ஆர்இடி என்ற வாங்கிப் புரதத்தின் வழி வருவது, இன்னொன்று ஈடிஎன்3. ஈடிஎன்3, செல்கள் அவசரப்பட்டு நரம்பாக முதிர்ந்து நடுவழியில் உட்கார்ந்துவிடாமல் முன்னோடியாகவே வைத்திருக்கிறது. அது குறைந்தால் நடை பாதியில் நின்றுவிடுகிறது. நின்ற இடத்துக்குக் கீழே குடலில் நரம்பு முடிச்சு இல்லை. நரம்பு இல்லாத பகுதி தளராது, இறுகியே இருக்கும். மேலே மலம் தேங்கி வயிறு ஊதும். 1886ல் டென்மார்க் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங் விவரித்ததால் அவர் பெயரிலேயே இந்த நோய் அழைக்கப்படுகிறது. சுமார் 5,000 பிறப்புக்கு ஒன்று.

பிறந்த குழந்தை முதலில் போகும் காட்டுப்பீ, பச்சை கலந்த கறுப்பாகப் பிசுபிசுவென்று இருக்குமே, அது நிறைமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வந்துவிடும். 48 மணி நேரம் தாண்டியும் வரவில்லை, வயிறு ஊதுகிறது, பச்சையாக வாந்தி எடுக்கிறது என்றால் டாக்டர்கள் உடனே இந்த நோயை நினைப்பார்கள். வீட்டில் பாட்டிமார் விளக்கெண்ணெய், வெற்றிலைக் காம்பு என்று வைத்தியம் பார்த்துக் கொண்டிருக்க வேண்டிய நேரம் அது இல்லை. மலக்குடலில் இருந்து ஒரு சிறு துணுக்குத் திசு எடுத்து நரம்பு முடிச்சு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் அந்தப் பகுதியை நீக்கிவிட்டு நல்ல குடலைக் கீழே இழுத்து இணைக்கும் அறுவை சிகிச்சை. 1948ல் ஆர்வர் ஸ்வென்சன் காட்டிய வழி. இன்று பல வகையாக மேம்பட்டிருக்கிறது. சிகிச்சை இல்லாத காலத்தில் உயிரை வாங்கிய நோய்.

குடலும் நிறமும் ஒரே விளிம்பில் இருந்து வந்தவை என்பதற்கு மனித உடம்பிலேயே சாட்சி இருக்கிறது. வார்டன்பர்க் நோய்க்குறி என்று ஒன்று. நெற்றிக்கு மேல் ஒரு கொத்து வெள்ளை முடி, சிலருக்கு வெளிர் நீலக் கண், பலருக்குக் காது கேட்காது. காதுக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம்? உள்காதில் இருக்கும் மெலனோசைட்டுகள் அங்கிருக்கும் திரவத்தின் பொட்டாசியம் அளவைப் பராமரிக்கின்றன. அவை போய்ச் சேராவிட்டால் ஒலி நரம்பு மின்சாரமாக மாறாது. நீலக் கண் வெள்ளைப் பூனைகளில் பல செவிடாக இருப்பதும் இதே காரணத்தால்தான். இந்த நோய்க்குறியின் வகைகளைப் பார்த்தால் நாம் மேலே படித்த பெயர்கள் வரிசையாக வரும். பாக்ஸ்3 பழுதானால் முதல் வகை. எம்ஐடிஎஃப் இரண்டாம் வகை. சாக்ஸ்10, ஈடிஎன்3, அதன் வாங்கியான ஈடிஎன்ஆர்பி ஆகியவை நாலாம் வகை. இதில் நிறக்குறைவு, காது கேளாமை இரண்டோடும் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயும் சேர்ந்து வரும். கோழி முட்டையில் படித்த சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் குடும்பங்களின் துயரம்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

இந்தியாவில் இந்த வகைக் கேள்விகளில் வேலை செய்கிறவர்கள் உண்டு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சுபா தோலே குழுவினர் எலியின் மூளையில் எல்எச்எக்ஸ்2 என்ற சாவிப் புரதத்தை ஆராய்ந்தார்கள். 2008ல் சயின்ஸில் வந்தது. மூளைப் புறணியாக வேண்டிய முன்னோடிகளில் சரியான காலத்துக்கு முன்பே எல்எச்எக்ஸ்2ஐ நீக்கினால், அவை புறணியாக ஆவதில்லை. பக்கத்தில் இருக்கும் ஒரு ஓரப் பகுதியாக மாறிவிடுகின்றன. அந்த ஓரம்தான் ஹிப்போகேம்பஸ் உருவாக உத்தரவு கொடுக்கும் இடம். ஆக ஒரே மூளையில் பல இடங்களில் ஹிப்போகேம்பஸ் திசு முளைக்கிறது. 2011ல் அதே குழு, எல்எச்எக்ஸ்2 முன்னோடிகள் நரம்பு செல்லாவதா, துணைச் செல்லாவதா என்பதையும் கட்டுப்படுத்துகிறது என்று காட்டியது. ஒரே புரதம் ஒரு வாரத்தில் ஒரு கேள்விக்கும் அடுத்த வாரத்தில் வேறொரு கேள்விக்கும் பதில் சொல்கிறது. எந்த மரபணு என்பதோடு எப்போது என்பதும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போது கன்றுக்குத் திரும்புவோம். கோவையில் என்னோடு வேலை பார்த்த ஒரு நண்பர் வீட்டுப் பாலுக்காகச் சினை மாடு ஒன்று வாங்கினார். அசல் மயிலை. கன்று சிவப்பாகப் பிறந்ததும் ஆளுக்குத் தூக்கம் போய்விட்டது. "ஏமாத்தீட்டாங்கப்பா, கலப்பு ஊசி போட்ட மாடு போல. கன்னைக் கொண்டுபோய்ச் சந்தைல தள்ளீரலாம்னு இருக்கேன்" என்றார். வெண்ணிறக் கன்று போடும் என்று எதிர்பார்த்திருக்கிறார். டிஎன்ஏ டெஸ்ட் எங்கே எடுப்பது என்று வேறு விசாரித்துக் கொண்டிருந்தார். ஆறு மாதம் பொறுங்கள், அது தானாக வெளுக்கும் என்றேன். அதற்குள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரே அவருக்குச் சொல்லிவிட்டார்: "செவந்து பொறந்தாத்தானுங் காங்கேயம்." கன்று சந்தைக்குப் போகவில்லை.

அந்த வெளுப்பு செல்லின் விதி மாறுவதால் வருவது இல்லை. அந்தக் கன்று தாய் வயிற்றில் முதல் மாதத்தில் இருக்கும்போதே நரம்புக் குழாய் மூடி, முகட்டுச் செல்கள் கிளம்பி, எம்ஐடிஎஃப் திறந்தாகிவிட்டது. மெலனோசைட் மெலனோசைட்தான், அதில் மறுபேச்சு கிடையாது. பிறகு நடப்பது, வேலைக்கு வந்து சேர்ந்த ஆள் இன்றைக்கு என்ன சாயம் போடுகிறார், எவ்வளவு போடுகிறார் என்பது மட்டும். மெலனினில் இரண்டு வகை, கறுப்பு ஒன்று, செம்மஞ்சள் ஒன்று. மெலனோசைட்டின் மேல் எம்சி1ஆர் என்ற வாங்கிப் புரதம் இருக்கிறது. அது தூண்டப்பட்டால் கறுப்பு. ஏஎஸ்ஐபி என்ற புரதம் வந்து அதை மறித்தால் செம்மஞ்சள், சில சமயம் நிறமே குறைந்துவிடும். ஏஎஸ்ஐபி உடம்பின் எந்தப் பகுதியில், எந்த வயதில், எவ்வளவு வெளிப்படுகிறது என்பதை வைத்து ஒரே மாட்டின் திமில் கறுப்பாகவும் விலா வெளுப்பாகவும் இருக்க முடியும். ஆந்திராவின் ஓங்கோல் மாடுகளில் இருந்து பிரேசிலில் உருவான நெல்லூர் இனத்தில், சில காளைகள் மற்றவற்றைவிட அதிகம் கறுப்பதற்கு ஏஎஸ்ஐபி இருக்கும் இடத்து மாறுபாடுகள் பங்களிக்கின்றன என்று 2021ல் ஒரு ஆய்வு காட்டியது. நம் காளையின் கறுப்பு ஆண் ஹார்மோனைச் சார்ந்தது என்பதற்குக் காயடித்த எருதே போதும்.

இதனால் இரண்டு வகை வெள்ளையைப் பிரித்துப் பார்க்கலாம். இதற்கு ஆய்வகம் வேண்டாம், கண்ணபுரம் தேர்ச் சந்தைக்குப் போனால் போதும். மயிலை மாட்டைப் பாருங்கள். மயிர் வெளுப்பு. ஆனால் மூக்கு கறுப்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு, குளம்பு கறுப்பு, வால் குஞ்சம் கறுப்பு. செல் எல்லா இடத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. மயிரில் மட்டும் சாயத்தைக் குறைத்துக்கொண்டது. அடுத்து ஒரு எச்.எஃப். கலப்பு மாட்டின் வெள்ளைத் திட்டைப் பாருங்கள். மயிரை விலக்கினால் அடியில் தோல் இளஞ்சிவப்பாக இருக்கும். அங்கே செல்லே இல்லை. கருவில் முதுகில் இருந்து கிளம்பிய முன்னோடிகள் அந்த இடத்தில் வந்து நிலைக்கவில்லை. இந்தத் திட்டுகளோடு தொடர்புடையதாக மாடுகளில் கண்டறியப்பட்ட மரபணு இடங்களில் இரண்டு முக்கியமானவை: ஒன்று நிறச் செல் முன்னோடிகள் பிழைத்து நடக்கத் தேவையான கேஐடி, இன்னொன்று நமக்குப் பழகிய எம்ஐடிஎஃப். பல விலங்குகளில் வெள்ளை முதலில் தோன்றும் இடம் வயிறு, நெற்றி, கால் நுனி. முதுகில் இருந்து நடந்து வருகிறவர்களுக்கு எட்டாக் கை அவைதான். கறவை மாடு வெயில் தாங்குமா என்ற கேள்வியிலும் இதற்குப் பங்கு இருக்கிறது. வெளுத்த மயிர் வெயிலைத் திருப்பி அனுப்பும், அடியில் கறுத்த தோல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். மயிலைக்கு இரண்டும் உண்டு. இளஞ்சிவப்புத் தோலுக்கு அந்த இரண்டாவது காப்பு இல்லை.

கொம்பைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். காங்கேயம் காளையின் கொம்பு வெளியே விரிந்து, பின்னால் வளைந்து, நுனியில் கிட்டத்தட்ட வட்டமாகச் சேருவது இந்த இனத்தின் அடையாளம். ஐரோப்பிய இனங்கள் சிலவற்றில் பிறவியிலேயே கொம்பு முளைப்பதில்லை. அதற்குக் காரணமான மாற்றத்தை முதல் குரோமோசோமில் 2012ல் கண்டுபிடித்தார்கள். இருநூற்றுச் சொச்சம் எழுத்துகள் கொண்ட ஒரு சிறு துண்டு இரட்டித்திருக்கிறது. அது எந்தப் புரதத்தின் மரபணுவுக்குள்ளும் இல்லை. மரபணுக்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம் என்று ஒரு காலத்தில் ஒதுக்கிவைத்த பகுதியில் இருக்கிறது.